மனமகிழ் மன்றம் வாங்கிய கறுப்புக் கம்பு

இப்போதெல்லாம் ஆட்களுக்குக் காரியம் செய்வதில் ருசி இல்லை. காரியத்தைப் பற்றிக் கூடி உட்கார்ந்து பேசுவதில்தான் ருசி. முன்பு கிணற்றில் தவளை செத்து மிதந்தால் ஒருத்தன் இறங்கி எடுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போவான். இப்போது தவளை எப்படி விழுந்தது என்று ஒரு கூட்டம், அதை எடுக்க ஒரு குழு, எடுத்தவருக்கு ஒரு பொன்னாடை. அதற்குள் தண்ணீர் நாறிப்போகும். நாறியதற்கு ஒரு கண்டனக் கூட்டம். கண்ணுசாமி இதைப் பலரிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறார். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிவிட்டு, "அதுக்குத்தாண்ணே ஒரு கமிட்டி போடணும்" என்றுதான் சொன்னார்கள்.

கண்ணுசாமி ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருந்தவர், முழங்கால் மடங்க மறுத்த பிறகு தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்டுக்கல் டவுனுக்குக் குடிவந்தார். எதையும் லேசில் நம்பமாட்டார். நாட்காட்டித் தாளைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு, இன்றைக்கு வியாழக்கிழமைதானா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்பார். அவர் ஆமாம் என்றால், இவனும் அதே கடையில்தான் காலண்டர் வாங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவர் பில்லியர்ட்ஸ் கற்றுக்கொண்டது மகனால் வந்த வினை. தொண்ணூற்றெட்டில் மகன் ஈஸ்வரன், இனி ஊரே இதைத்தான் ஆடப்போகிறது என்று எவனோ சொன்னதை நம்பி, பச்சைத் துணி ஒட்டிய மேஜை ஒன்றை வாங்கி முன்கூடத்தில் போட்டுக் கடை நடத்தினான். ஆறு குழி, பதினைந்து கலர்ப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. ஊர் ஆடவில்லை. இரண்டே வருஷத்தில் ஈஸ்வரன் திருப்பூருக்குப் போய்விட்டான். மேஜை போகவில்லை. துணிக்கு அடியில் கல் பலகை. எட்டு ஆள் இல்லாமல் அசையாது. மனைவி கருப்பம்மாள் அதன்மேல் பழைய வேட்டியை விரித்து, ஃபேன் காற்றில் வடகம் காயவைத்தாள். வடகம் இல்லாத நாளில் கண்ணுசாமி பொழுது போகாமல் வெள்ளைப் பந்தைக் கம்பால் குத்திப் பார்த்தார். அந்தச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தவர்தான் அடுத்த தெரு பிராங்க்ளின், ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார்.

அன்று பிடித்தது, இருவருக்கும் தினமும் சாயங்காலம் ஆட்டம். ஆளுக்கு ஏழு பந்து. தன் ஏழையும் குழியில் தள்ளிவிட்டுக் கடைசியில் கறுப்புப் பந்தை யார் தள்ளுகிறாரோ அவருக்கு ஜெயம். ஆனால் தினசரி ஆட்டம் பேச்சில் சேராது. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஆடுகிற ஆட்டம் ஒன்றுதான் அந்த வருஷத்தின் ஆட்டம். அதில் கண்ணுசாமி ஒரு வருஷம்கூட ஜெயித்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் பிராங்க்ளின் வீட்டிலிருந்து கேக்கைக் கொண்டுவந்து கருப்பம்மாளிடம் நீட்டுவார். "தங்கச்சி, இது ஆறுதலுக்கு" என்பார். அந்தக் கேக் கண்ணுசாமிக்குத் தொண்டையில் இறங்காது. ஆனாலும் இறக்குவார்.

மகள் கௌசல்யாவின் கல்யாணத்துக்கு முன்கூடம் வேண்டியிருந்தபோது மேஜையை ஐக்கிய மனமகிழ் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நாங்க ரெண்டு பேரும் தினம் வந்து ஆடணும். மன்றம் ஒப்புக்கொண்டு அவருக்கு மாலை போட்டது. போட்டோ எடுத்த பிறகு மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அதே மாலைக்கு மாலையில் இன்னொருவர் இருந்தார்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் பிராங்க்ளினுக்கு ஓர் ஏற்பாடு வந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் ஜெஸ்ஸி, இனி அப்பா தனியாக இருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தை பிறந்ததும் கொடைரோட்டில் ரயில் ஏறவேண்டியது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

"அப்ப இந்த மார்கழி ஆட்டந்தான் கடைசியா?" என்றார் கண்ணுசாமி.

"கடைசிதான். நீ தோக்குறதுக்கு இனிமே வேற ஆளத் தேடிக்க."

கண்ணுசாமி அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு தடவையாவது இவனை ஜெயித்துவிட்டு ரயிலேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெங்களூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே போவான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பு வளைந்தது. ஐப்பசி மழை நின்ற ஒரு நாள் மன்றத்துக்குள் நுழைந்தவர், வாட்ச்மேன் முத்துச்சாமி கையில் தன் கம்பைப் பார்த்தார். நுனியில் தொரட்டிக் கத்தி கட்டியிருந்தது.

"ஏலே முத்துச்சாமி, என்னலே இது?"

"முருங்கைக்காய் பறிச்சேண்ணே. செகரட்டரி வீட்டுக்கு."

"அதுக்கு என் கம்புதான் கெடச்சுதா?"

"நீளமா, நேரா இருந்துச்சுண்ணே. இப்பத்தான் நேரா இல்ல."

பில்லியர்ட்ஸ் கம்பு இரண்டு துண்டு. கையில் பிடிக்கும் பின்கம்பு, பந்தைக் குத்தும் முன்கம்பு, நடுவில் திருகு. பின்கம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்கம்பு மட்டும் மழையிலும் பாரத்திலும் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி வளைந்துவிட்டது. மன்றத்தில் நல்ல கம்பு இன்னொன்று இருந்தது. அது பிராங்க்ளினுடையது. அவர் கொடுத்தாலும் கண்ணுசாமி வாங்கமாட்டார். அதை வைத்து ஜெயித்தால், என் கம்புதானே ஜெயித்தது என்பான்.

செயலாளர் பெருமாள்சாமி பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் மோர் கேட்பதைக்கூட முன்தேதியிட்டுக் கேட்பவர் என்று சொல்வார்கள். அவரிடம் போய்க் கண்ணுசாமி, "நான் மதுரைக்குப் போயி ஒரு முன்கம்பு வாங்கியாந்துர்றேன்" என்றார்.

"முடியாதுண்ணே. வெளிப்பொருள் மன்ற மேஜையில படக்கூடாது. விதி."

"அப்ப என் கம்பையே எங்கயாச்சும் குடுத்து நிமித்திக்கிறேன்."

"அது உங்க கம்பு இல்ல. மேஜையோட சேந்து மன்றத்துக்குப் பாத்தியம் ஆயிருச்சு. மன்றத்துச் சொத்து உங்க உபயோகத்துல இருக்கும்போது வளைஞ்சிருக்கு. அதுக்கு உங்ககிட்ட விளக்கம் கேக்கணும். கேக்கல. அது எங்க பெருந்தன்மை."

"வளைச்சது ஒங்க வீட்டு முருங்கைக்காயி."

"முருங்கைக்காய் மன்ற நடவடிக்கையில வரல" என்றார் செயலாளர். "நீங்க கோரிக்கை வைங்க. மன்றம் பரிசீலிக்கும்."

மன்றம் பரிசீலித்து, 'முன்கம்புத் தேர்வு உபகுழு' என்று ஒன்றை அமைத்தது. அதில் ஒரு கால்நடை டாக்டர், ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை இன்ஜினியர் ஒருவர், மன்றத்துப் பொருளாளரான ஜவுளிக்கடை முதலாளி. மூவரும் வாழ்க்கையில் அந்தக் கம்பைத் தொட்டதில்லை. அதனால்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆடத் தெரிந்தவருக்கு ஆசை இருக்கும், ஆசை உள்ள இடத்தில் நடுநிலை இருக்காது என்று தலைவர் அருள்நாதன் விளக்கினார். அதே காரணத்தால் பிராங்க்ளினை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கண்ணுசாமியை 'பயனாளி' என்று கூப்பிட்டு, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். பயனாளி கேட்டால் மட்டும் பேசவேண்டும்.

தலைவர் அருள்நாதன் வக்கீல். எழுந்து நின்றால் எதிரே ஜட்ஜ் இருப்பதாகவே அவருக்குத் தோன்றும்.

"நண்பர்களே, ஒரு முன்கம்புதானேன்னு நெனைக்காதீங்க. இந்த ஊருக்குப் பூட்டு இருக்கு. பிரியாணி இருக்கு. மலைக்கோட்டை இருக்கு. கார்பன் ஃபைபர் இருக்கா? சிங்கப்பூர்ல எங்க மருமகன் சொல்றாரு, அங்க இப்ப மரக்கம்பையே ஒதுக்குறாங்களாம். எல்லாம் கார்பன் ஃபைபர் ஷாஃப்ட். விமானம் செய்யிற பொருள். மழைக்கு வளையாது, வெயிலுக்கு வாடாது. நம்ம ஊருக்கு விமானம் வராது. விமானத்தோட பொருளாவது வரட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள். கரண்டு போனது. இருட்டிலும் தட்டினார்கள்.

கண்ணுசாமிக்குக் கார்பன் என்றால் ஒன்றுதான் தெரியும். தோட்டத்துப் பத்திரம் எழுதிய அன்று, எழுத்தர் தாளுக்கு நடுவில் வைத்த நீலக் கறுப்புத் தாள். அதைத் தொட்டுவிட்டு முகத்தைத் துடைத்ததில் அன்று முழுக்கக் கரிமூஞ்சியோடு திரிந்தார்.

"அது கையில ஒட்டுமே" என்றார்.

இன்ஜினியர் சிரித்தார். "அது வேற கார்பன். இது ஒட்டாது."

"ஒட்டாத கார்பன் எதுக்குங்க?"

யாரும் கேட்காமல் பயனாளி பேசியது நடவடிக்கையிலிருந்து நீக்கப்பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு மதுரையிலிருந்து மாதிரிக் கம்புகள் வந்தன. இரண்டு மரம், ஒன்று கார்பன். மரம் இரண்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தன. கார்பன் கம்பு நல்ல எண்ணெய் தடவிய சாரைப்பாம்பு மாதிரி கிடந்தது. ஜவுளிக்கடை முதலாளி மூன்றையும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, கார்பன் கம்பில் நெசவு நெருக்கமாக இருக்கிறது, சாயம் போகாது என்றார். கால்நடை டாக்டர் ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கார்பனில் எலும்பு நன்றாக இருக்கிறது, மரம் இரண்டும் சினை பிடிக்காத மாதிரி சத்தம் கொடுக்கின்றன என்றார். இன்ஜினியர் இரண்டு நாற்காலிக்கு நடுவே கம்பைப் படுக்கவைத்து, கயிற்றில் செங்கல் கட்டித் தொங்கவிட்டார். முதல் மரக்கம்பு முறிந்தது. இரண்டாவது, இன்னொரு செங்கல்லுக்குக் காத்திருந்து முறிந்தது. கார்பன் கம்பு அப்படியே கிடந்தது.

'போட்டியிலிருந்து இரண்டு கம்புகள் தாமாக முன்வந்து விலகிக்கொண்டன' என்று செயலாளர் எழுதிக்கொண்டார்.

"இந்த மேஜையில யாரும் செங்கல்லத் தொங்கவிட்டு ஆடுறதில்லீங்களே" என்றார் கண்ணுசாமி.

"இதுவரைக்கும் ஆடல" என்றார் இன்ஜினியர்.

கண்ணுசாமி விடவில்லை. "இது என் பின்கம்புல மாட்டுமா? அத மட்டும் சொல்லுங்க."

உபகுழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நல்ல கேள்வி என்று தலைவர் பாராட்டினார். நல்ல கேள்வி என்பதால் அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் அதை எடுக்க நேரமில்லை. கம்பு நுனியின் பருமன் எத்தனை மில்லிமீட்டர் என்பதில் விவாதம் முற்றிவிட்டது. மூன்று அளவு உண்டென்று மருமகன் எழுதியிருந்தார். கால்நடை டாக்டருக்கு எண் ஜோதிடத்தில் பிடிப்பு உண்டு. பதினொன்று புள்ளி எட்டைக் கூட்டினால் ஒன்று, சூரியன். கூரைக்குக் கீழே ஆடுகிற ஆட்டத்துக்குச் சூரியன் எதற்கு? பன்னிரண்டு புள்ளி நான்கைக் கூட்டினால் ஏழு, கேது.

"ஐயையோ, கேது குழியில தள்ளிருமே" என்று பதறினார் ஜவுளிக்கடை முதலாளி.

"குழியில தள்ளுறதுதானய்யா ஆட்டமே" என்றார் கண்ணுசாமி.

பயனாளியை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

வெளியே பிராங்க்ளின் சைக்கிளில் சாய்ந்து நின்று நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார். "என்னலே முடிவாச்சு?"

"பன்னெண்டு புள்ளி ஒம்போதாம். குரு பார்வை இருக்காம்."

"பின்கம்புல மாட்டுமா?"

"அது இன்னும் குரு கண்ணுல படல."

பிராங்க்ளின் கடலைத் தோலை ஊதினார். "கண்ணு, நான் வேணா ஆட்டத்தத் தள்ளி வைக்கட்டா?"

"தள்ளி வச்சா நீ ரயிலத் தள்ளி வைப்பியா?"

இருவரும் மிச்சக் கடலையைத் தின்றார்கள்.

மார்கழி பிறப்பதற்குப் பத்து நாள் முன்னால் கம்பு வந்து சேர்ந்தது. பின்கம்பில் மாட்டவில்லை. பின்கம்பின் திருகு தடிமன். முன்கம்பின் ஓட்டை சன்னம். கண்ணுசாமி செயலாளர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 'பின்கம்பு ஒத்துழைக்கவில்லை' என்று செயலாளர் எழுதினார். உபகுழு மூவரும் காரில் ஏறிப் பேகம்பூர் லேத் பட்டறைக்குப் போனார்கள். பட்டறைக்காரர் ஒரு பித்தளைத் திருகு கடைந்து போட்டு மாட்டிவிட்டார். கூடப் போனவர்களின் டீ அப்போதுதான் ஆறியிருந்தது.

கம்பு மாட்டியாகிவிட்டது, ஆடவேண்டியதுதானே என்று கண்ணுசாமி கையை நீட்டினார். செயலாளர் கம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். திறப்பு விழா ஆகாமல் எப்படி ஆடுவது? விழா, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதே நாளில் இரண்டு பெரியவர்களின் ஆட்டமும் இருப்பதால் அதையே முதல் ஆட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று மன்றம் பெருமனதோடு இசைந்தது.

அதற்குள் ஜவுளிக்கடை முதலாளி ஒரு சங்கடத்தைக் கிளப்பினார். கம்பு கறுப்பாக இருக்கிறது. சுப காரியத்துக்கு யாராவது கறுப்பு எடுப்பார்களா? அவர் கடையில் முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள் கறுப்புப் பக்கம் திரும்புவதே இல்லை. கூட்டம் ஸ்தம்பித்தது. விமானத்துக்குக் கறுப்பு சரி, விழாவுக்கு ஆகுமா? தலைவர்தான் வழி சொன்னார். கறுப்பின்மேல் மஞ்சள் எழுதிவிட்டால் மங்களம். என்ன எழுதுவது? கோயில் டியூப்லைட்டில் என்ன எழுதுகிறோமோ அதுதான்.

பெயிண்டர் வந்து எழுதினார். 'உபயம்: வழக்கறிஞர் த. அருள்நாதன், பி.ஏ., பி.எல்., தலைவர்' என்று தொடங்கி, செயலாளர், பொருளாளர், உபகுழுவினர் பெயரெல்லாம் பட்டத்தோடு சுற்றிச் சுற்றி ஏறின. மிஞ்சிய இடத்தில் சொத்துப் பதிவு எண். கம்பு நுனியில் ஓர் அங்குலம் மட்டும் கறுப்பாக மிஞ்சியது; அங்கே மருமகன் பெயரை எழுதலாமா என்று யோசித்து, அடுத்த கம்புக்கு என்று விட்டுவைத்தார்கள்.

"வெரலுக்கு நடுவுல வழுக்கிப் போற எடம்ங்க அது" என்றார் கண்ணுசாமி. "பேரு தடுக்குமே."

"எங்க பேரு உங்களத் தடுக்குதா?" என்று தலைவர் கேட்டார்.

கடைசியாகப் பாதுகாப்பு. தென்மாவட்டத்திலேயே இப்படி ஒரு கம்பு இல்லை என்று தலைவர் நாலு இடத்தில் சொல்லியிருந்ததால், திருடன் காதிலும் விழுந்திருக்கும். பஸ் ஸ்டாண்டு தண்ணீர்ப் பந்தலில் டம்ளரைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள் அல்லவா, அந்த மாதிரி கம்பின் நடுத்திருகில் ஒரு வளையம் போட்டு, சங்கிலி கோத்து, ஜன்னல் கம்பியில் பூட்டினார்கள். பூட்டு நம்மூர்ப் பூட்டு. மூன்று சாவி சேர்ந்தால்தான் திறக்கும். ஒன்று தலைவரிடம், ஒன்று செயலாளரிடம், ஒன்று பொருளாளரிடம். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மன்றத்தில் வாழைமரம் கட்டியிருந்தது. கம்புக்குச் சந்தனம் வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, சூடம் காட்டினார்கள். கிறிஸ்தவரான தலைவர் மனம் கோணக்கூடாதென்று கம்புக்கு ஒரு நிமிட ஜெபமும் உண்டு. கருப்பம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கேட்டாள், "ஏங்க, நீங்க ஆடப்போறீங்களா, இல்ல காது குத்தப் போறாங்களா?"

தலைவர் பேசினார். "இந்த ஷாஃப்ட் எதுக்குன்னு சிலர் கேக்குறாங்க. ஆடுறதுக்குன்னு சாதாரணமா சொல்லிரலாம். ஆட்டம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். நாங்க தேர்ந்தெடுத்தோமே, அந்தத் தேர்வு நிக்கும். இந்த மன்றத்துல பல வருஷமா நாங்க எதையுமே செஞ்சதில்ல. ஆனா செஞ்சா முறையாச் செய்வோம்."

பிறகு அவரே எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைப் பந்தைக் குத்தித் தொடங்கிவைத்தார். பழம் குழியில் விழுந்தது. கை தட்டினார்கள்.

ஆட்டம் தொடங்கியது. கண்ணுசாமி ஜன்னல் பக்கம் நின்று குனிந்தார். பெயிண்டு விரலில் பிசுபிசுத்தது. மார்கழிக் குளிரில் சரியாகக் காயவில்லை. இடது விரலைக் கம்பின் நுனியில் மிஞ்சியிருந்த கறுப்பு அங்குலத்தில் வைத்து லேசாகத்தான் தட்டினார். பந்து நூல் பிடித்த மாதிரி ஓடிக் குழியில் இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. அவருக்கே திக்கென்றது. இவ்வளவு நேராகப் போனால் எங்கோ கோளாறு இருக்கிறது என்று கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பிராங்க்ளின் கம்பைப் பார்க்கவில்லை. சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் முறை வந்ததும் ஒரு பந்தைத் தள்ளிவிட்டு, வெள்ளைப் பந்தை மெதுவாக உருட்டி, ஜன்னலுக்கு எதிர்க்கோடியில் கொண்டுபோய் நிறுத்தினார். கண்ணுசாமி கம்பைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பாதி மேஜையில் சங்கிலி விறைத்துக்கொண்டது.

"வாத்தியாரே, வெள்ளைய எதுக்கு அங்கன கொண்டுபோயி நிறுத்துற?"

"எங்க வேணாலும் நிறுத்தலாம்ல. நான் டிரில் வாத்தியாரு. எவன எங்க நிக்க வைக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"சங்கிலி எட்டலய்யா."

"அது உனக்கும் மன்றத்துக்கும் உள்ள விவகாரம்."

செயலாளர் விதியைப் பார்த்தார். சங்கிலியைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஆகவே சங்கிலி இல்லை என்று வைத்துக்கொண்டு ஆடும்படியும், எட்டாவிட்டால் முறை போய்விடும் என்றும் சொன்னார்.

அப்படியே போனது ஆட்டம். பிராங்க்ளின் தன் கம்பால் மட்டுமா ஆடினார், மன்றத்துச் சங்கிலியாலும் சேர்த்து ஆடினார். கண்ணுசாமியும் சளைக்கவில்லை. சங்கிலிக்குள் பந்து வந்த நேரமெல்லாம் விட்டுவைக்காமல் தள்ளினார். பத்துப் பேர் இருந்த இடத்தில் இப்போது மன்றமே மேஜையைச் சுற்றி நின்றது. ஒரு கட்டத்தில் கண்ணுசாமியின் ஏழு பந்தும் தீர்ந்துவிட்டன. பிராங்க்ளினுக்கு இன்னும் ஒன்று பாக்கி. முறை கண்ணுசாமியுடையது. கறுப்புப் பந்து குழியின் வாயில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கருப்பம்மாள் விளக்குமாற்றால் தள்ளினாலும் விழும்.

வெள்ளைப் பந்து மட்டும் சங்கிலிக்கு ஒரு சாண் வெளியே இருந்தது.

கண்ணுசாமி கம்பை நீட்டிப் பார்த்தார். மேஜைமேல் வயிற்றை வைத்துப் படுத்துப் பார்த்தார். முழங்கால் கத்தியது. எழுந்து, "பூட்டத் தொறங்கய்யா" என்றார். அவர் குரலில் இதுவரை மன்றம் கேட்காத ஒரு கெஞ்சல் இருந்தது.

தலைவர் சாவியை எடுத்தார். செயலாளர் சாவியை எடுத்தார். பொருளாளரைக் காணோம். மாலை போட்டிருந்தவர், முந்திய நாளே சபரிமலைக்குக் கிளம்பிவிட்டார். சாவி அவர் இடுப்புக் கயிற்றில் இருந்தது.

"அப்ப ஒடைங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "என்ன பேசுறீங்க? ஒடைக்க முடிஞ்சா அது நம்மூர்ப் பூட்டா?" என்றார் செயலாளர்.

நின்றபடியே ஓர் அவசரக் கூட்டம் நடந்தது. சங்கிலி மேஜைக்கு வராது என்பதால் மேஜையைச் சங்கிலிக்குக் கொண்டுபோவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. தலைவர் உட்பட எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜையைப் பிடித்தார்கள்.

"மெதுவாய்யா, பந்து இருக்கு" என்று கண்ணுசாமி சொல்லி வாய் மூடவில்லை. மேஜை ஒரு பக்கம் தூக்கிற்று. வாயில் நின்ற கறுப்புப் பந்து, இதற்குத்தான் காத்திருந்தேன் என்பதுபோல் குழிக்குள் இறங்கியது.

பிராங்க்ளின்தான் குழிக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்தார். "ஆரும் குத்தாம விழுந்தது செல்லாது. இந்தா, பழைய எடத்துலயே வைக்கிறேன். நீ ஆடுலே."

"அதான் நியாயம். வை" என்றார் கண்ணுசாமி.

ஆடுகிற இரண்டு பேரும் ஒத்துக்கொண்டதைப் பார்த்ததும் மன்றத்துக்குச் சந்தேகம் வந்தது. தலைவர் கையை உயர்த்தி, பிராங்க்ளின் கையிலிருந்த பந்தை வாங்கித் திரும்பவும் குழிக்குள் போட்டார்.

"முறை யாரோடது? கண்ணுசாமியோடது. கையில என்ன இருந்தது? ஷாஃப்ட். கறுப்பு விழுந்துச்சா? விழுந்துச்சு. அப்ப ஷாஃப்ட் தள்ளிருக்கு."

"தள்ளுனது நீங்க எட்டுப் பேரு."

"எட்டுப் பேரும் மன்றம். ஷாஃப்டும் மன்றம். மன்றம் தள்ளிருக்கு." தலைவர் குரல் ஏறியது. "நல்லா யோசிங்க. திரும்ப வச்சு ஆடி, ஒருவேள நீங்க தோத்துட்டா? தோக்குறது நீங்க இல்ல; ஷாஃப்ட். ஷாஃப்ட் தோத்தா உபகுழு தோத்த மாதிரி. உபகுழு தோத்தா மன்றம் தோத்த மாதிரி. உங்க ஒரு ஆளோட நேர்மைக்காக இம்புட்டுப் பேரு தோக்கணுமா?"

கண்ணுசாமி வெற்றிபெற்றதாக அறிவித்தார்கள். வெற்றி நிலையிலேயே மேஜை இனி காட்சிக்கு வைக்கப்படும், பந்துகளை யாரும் தொடக்கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. தலைவர் கண்ணுசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார். கார்பன் ஃபைபரின் மகிமையைப் பயனாளி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும் என்று மைக்கை நீட்டினார்கள். கரண்டு போனது. அதற்குள் கண்ணுசாமி பொன்னாடையை முத்துச்சாமி தோளில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். "அண்ணே, இத வச்சு முருங்கைக்காய் பறிக்க முடியாதே" என்று முத்துச்சாமி பின்னால் சொன்னது கேட்டது.

சைக்கிள் கேரியரில் கேக் டப்பாவை வைத்துக்கொண்டு பிராங்க்ளின் நின்றார். கருப்பம்மாளிடம் நீட்டப்போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். யாருக்கு ஆறுதல் என்று அவருக்குத் தெரியவில்லை.

"விடுலே. ஜெயிச்சிட்டன்னு வச்சுக்க. நான் போயி யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"நீ சொன்னாலும் நான் நம்பமாட்டேன்."

"கேக்கத் தின்னு."

"தோத்திருந்தா தின்னுருப்பேன். ஜெயிச்சிருந்தா உனக்கு ஊட்டியிருப்பேன். இது ரெண்டுல எதுன்னு அவங்க ஒரு குழு போட்டுச் சொல்லட்டும்."

பிராங்க்ளின் டப்பாவைத் திரும்பக் கேரியரில் வைத்தார். "பெங்களூருல ஜெஸ்ஸி வீட்டுப் பக்கம் ஒரு மேஜை இருக்காம். வா, வந்து ஆடிட்டுப் போ."

"அங்கயும் ஒரு மன்றம் இருக்கும்."

"ஆனாலும் கண்ணு, அந்தக் கம்பப் பத்தி ஒண்ணு சொல்லணும்ல. பந்து எம்புட்டு நேராப் போச்சு. நானே பயந்துட்டேன்."

"பயந்தவன்தான் வெள்ளைய அம்புட்டுத் தூரம் தள்ளுனியாக்கும்."

கருப்பம்மாள் முன்னால் நடந்தாள். கண்ணுசாமி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். தெருமுனைக் குழாயடி வந்ததும் நின்று, கையை வெயிலில் விரித்துப் பார்த்தார். கார்பன் ஒட்டாது என்று இன்ஜினியர் அடித்துச் சொல்லியிருந்தார். உண்மையாகவே கறுப்பு ஒட்டவில்லை. உள்ளங்கை முழுக்கத் தலைவர் பெயர்தான், பி.ஏ., பி.எல். உட்பட, இடவலம் மாறி மஞ்சளாக ஒட்டியிருந்தது.

குழாயைத் திருகிக் கையைத் தேய்த்தார். எழுத்து போகவில்லை. செங்கல் துண்டு ஒன்றை எடுத்துத் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

"ஒட்டாதாம்ல" என்றார், யாரிடமும் இல்லாமல்.